மலைப்பாதையில் ஒரு பட்டாளத்து வண்டி



வயது ஏற ஏற விலை இறங்குவது மோட்டார் வாகனங்களின் தலைவிதி. அந்த விதிக்கு அடங்காத வண்டிகள் இரண்டு நம் நாட்டில் உண்டு. ஒன்று ஜீப், மற்றது லாண்ட் ரோவர். ஞாயிறு பத்திரிகைகளின் விளம்பரப் பத்திகளில் இவற்றைத் தேடிப் படிப்பவர்கள் ஒரு தனிக் கூட்டம். அரை நூற்றாண்டைத் தாண்டிய, தகரம் இற்றுப்போன ஒரு ஜீப்புக்குக் கேட்கப்படும் தொகையைப் பார்த்தால் மலைத்துப்போக வேண்டியிருக்கிறது. அதிலும் 'தோட்டத்துத் துரை பாவித்தது' என்ற ஒரு வாசகம் சேர்ந்துவிட்டால் மதிப்பு இன்னும் ஒரு படி ஏறிவிடும். கொழும்பிலிருந்து பதுளை வரை வந்து, பசறையில் தேநீர் குடித்து, மடுல்சீமை மலையேறி, கைவிடப்பட்ட கொட்டகைகளையும் பங்களாக்களின் பின்புறங்களையும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

துரை பாவித்தது என்கிறார்கள். சரி. ஓட்டியது யார்? அந்த வண்டி ஏறிய பாதையை வெட்டியது யார்? வண்டியின் வரலாறு என்று பேசப் புகுந்தால் இந்த இரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டு மேலே செல்ல இயலாது.

முதலில் வண்டியின் பிறப்பைப் பார்ப்போம். 1940-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஐரோப்பாவில் ஜெர்மானியப் படைகள் முன்னேறிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்க இராணுவம் ஓர் இலேசான வண்டி வேண்டுமென்று 135 கம்பனிகளிடம் கேட்டது. காடு, மேடு, சேறு எங்கும் செல்ல வேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்க வேண்டும். மாதிரி வண்டியை 49 நாட்களில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இந்த நிபந்தனையைக் கேட்டுப் பெரிய கம்பனிகள் ஒதுங்கிக்கொண்டன. நொடித்துப்போகும் நிலையிலிருந்த பான்டம் என்ற சிறிய கம்பனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளரை அழைத்து வரைபடம் போட்டு, 1940 செப்டெம்பர் 23-ஆம் திகதி, கெடு முடியும் நாளிலேயே வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஆனால் உலகம் இன்று பான்டத்தை மறந்துவிட்டது. பெருந்தொகையாக உற்பத்தி செய்யும் ஆற்றல் அதற்கில்லை என்று கருதிய இராணுவம், வில்லிஸ் கம்பனிக்கும் ஃபோர்ட் கம்பனிக்கும் வேலையைக் கொடுத்தது. யுத்தம் முடிவதற்குள் இவ்விரு கம்பனிகளும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. நான்கு சிலிண்டர், 60 குதிரைவலு, 80 அங்குலச் சக்கர இடைவெளி. வண்டி என்று சொல்வதைவிட, சக்கரம் பூட்டிய மட்டக்குதிரை என்று சொல்வது பொருந்தும்.

இலங்கைக்கு யுத்தம் வந்த கதை தெரிந்ததுதான். 1942 ஏப்ரல் 5-ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களில் திருகோணமலை தாக்கப்பட்டது. 1944 ஏப்ரலில் மவுன்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூங்காவின் மர நிழல்களில் இராணுவ அலுவலகங்கள் முளைத்தன. மலைநாட்டு மக்கள் ஜீப்பை நெருங்கிப் பார்த்தது அக்காலத்தில்தான்.

ஊவா மக்களுக்குப் பட்டாளம் அதற்கு முன்பே பழக்கம். தியத்தலாவையில் 1900-ஆம் ஆண்டிலேயே தென்னாபிரிக்கப் போயர் கைதிகளை அடைத்துவைத்த முகாம் இருந்தது. 1949-இல் இலங்கை இராணுவம் உருவானபோது பயிற்சி நிலையத்துக்குத் தியத்தலாவையே பொருத்தமான இடமாயிற்று. அங்குள்ள நரிமலைச் சரிவில் பிற்காலத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 2024 ஏப்ரல் 21-ஆம் திகதி பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் ஏழு பேர் மாண்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

யுத்தம் முடிந்ததும் வென்றவர்களுக்கு ஒரு புதிய தலைவலி வந்தது. இத்தனை வண்டிகளை என்ன செய்வது? உலகம் முழுவதும் உபரி ஜீப்புகள் ஏலத்துக்கு வந்தன. பிலிப்பைன்ஸ் மக்கள் அவற்றை வாங்கி நீட்டி, கூரை போட்டு, வர்ணம் தீட்டி 'ஜீப்னி' என்ற பயணிகள் வண்டியாக்கினார்கள். இங்கிலாந்தில் ரோவர் கம்பனியைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ் என்பவர் தமது பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தார். அது தேய்ந்தால் மாற்றுவதற்கு இங்கிலாந்தில் செய்த வண்டி எதுவுமில்லையே என்ற யோசனையில் பிறந்ததுதான் லாண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30-ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. அதன் சக்கர இடைவெளியும் அதே 80 அங்குலம் என்பதிலிருந்தே தாய் யார் என்பது விளங்கும். யுத்தத்தின் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு, ஆகவே உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வர்ணத்துக்கும் தட்டுப்பாடு, ஆகவே விமானங்களுக்கென்று வாங்கி மிஞ்சிய பச்சையைப் பூசினார்கள். பஞ்சத்துக்குச் செய்த அந்த ஏற்பாடுகளே பிறகு அந்த வண்டியின் அடையாளமாகிவிட்டன.

1948-ஐப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லாண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமான அதே ஆண்டில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. அந்த வண்டி ஏறப்போகும் தோட்டத்துப் பாதைகளை வெட்டிய மக்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலானோர் நாடற்றவர்களாயினர்.

பாதையின் கதையே தனிக் கதை. பதுளைக்கு ரயில் வந்தது 1924-இல். ஆனால் மடுல்சீமைக்கு ரயில் ஒருநாளும் வரவில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதிகளின் கோப்பியும் பிறகு தேயிலையும் கரத்தை வண்டிகளிலும் ஆட்களின் தலையிலும்தான் இறங்கின. ஊவாவின் பழைய வீதிகளைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர்கள் பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் றோஜர்ஸைப் புகழாமல் விடுவதில்லை. ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்று பேரெடுத்தவர். 1845-இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். இடிவிழுந்து இறந்தவரின் கல்லறை எங்கேயென்று எல்லோருக்கும் தெரியும். பாறை வெட்டியவர்களுக்குக் கல்லறை இல்லை. அக்காலத்தில் வீதி வேலைக்கென்று 'பயனியர்' படை என்றொரு தொழிலாளர் படை இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்களே அதில் மிகுதி. துப்பாக்கி பிடிக்காத, மண்வெட்டி பிடித்த பட்டாளம். தோட்டங்களுக்குள் இருந்த ஒழுங்குமுறையிலும் பட்டாளத்தின் வாடை அடித்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசைப்படுத்தி வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்குப் 'பெரட்டுக்களம்' என்று பெயர். 'பரேட்' என்ற இராணுவச் சொல்தான் மலையகத் தமிழில் பெரட்டாயிற்று. ஆகவே பட்டாளத்து வண்டி தோட்டத்துக்கு வந்தபோது அந்நியமான இடத்துக்கு வந்ததாகச் சொல்லமுடியாது.

அதற்கு முன் துரைமார் குதிரையில் வந்தார்கள். பின்னர் மோட்டார் சைக்கிள். பெரிய துரை காரில் வருவார், ஆனால் கார் பங்களா வாசலோடு நின்றுவிடும். ஜீப் வந்ததும் நிலைமை மாறியது. உச்சி மலையில் கொழுந்து பறிக்கிற இடம் வரைக்கும் துரையின் கண் போய்ச் சேர்ந்தது. கீழே கியர் மாற்றும் சத்தம் கேட்டதும் கங்காணியின் குரல் உயரும், பேச்சு அடங்கும், கைகள் விரையும். மலையகச் சிறுகதைகளைப் படித்தவர்களுக்கு இந்தச் சத்தம் நன்கு பழக்கமானது. வண்டியை 'எங்கும் செல்லும் வாகனம்' என்று விற்றவர்கள் விளம்பரப்படுத்தினார்கள். தொழிலாளியின் பார்வையில் அது எங்கும் வந்துவிடுகிற வாகனம்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மழைநாளில் லயத்தில் பிரசவ வேதனையில் துடித்த பெண்ணைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மண்சரிந்த பாதையில் ஏறக்கூடிய வண்டி தோட்டத்தில் வேறு இருந்ததில்லை. துரை மனம் வைத்தால் வண்டி கிடைக்கும். மனம் வைக்காவிட்டால் கொழுந்து லொறி. அதுவும் இல்லாவிட்டால் கம்பளியில் தொட்டில் கட்டித் தோளில் சுமப்பார்கள்.

சேகரிப்பாளர்கள் ஒரு பழைய வண்டியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது சுவையான விஷயம். யுத்தகால ஜீப்பின் முகப்பில் ஒன்பது பிளவுகள் இருக்கும். 1945-க்குப் பின் பொதுமக்களுக்கென்று வில்லிஸ் செய்த வண்டியில் ஏழு. ஆகவே முகத்தைப் பார்த்தே பட்டாளத்து வண்டியா, பண்ணை வண்டியா என்று சொல்லிவிடலாம். ஃபோர்ட் செய்த ஜீப்பில் சின்னஞ்சிறு போல்ட் தலையில்கூட ஆங்கில 'எஃப்' எழுத்து குத்தப்பட்டிருக்கும். அதைத் தேடி வண்டிக்கடியில் மணிக்கணக்கில் மல்லாந்து கிடப்பவர்கள் உண்டு. பழைய ஜீப்பின் மின்சாரம் ஆறு வோல்ட். பன்னிரண்டாக மாற்றப்பட்டிருந்தால் மூல நிலை கெட்டது என்று உதடு பிதுக்குவார்கள்.

லாண்ட் ரோவரில் ஏமாறுவது எளிது. அலுமினிய உடல் துருப்பிடிக்காது, தேய்த்தால் பளபளக்கும். ஆனால் அதைத் தாங்கும் அடிச்சட்டம் உருக்கு. மழை ஓயாத மலைநாட்டில் அந்தச் சட்டம் உள்ளிருந்து இற்றுப்போகும். அலுமினியமும் உருக்கும் ஒட்டுகிற இடங்களில் ஈரம் தங்கி இரண்டும் ஒன்றையொன்று தின்னும். அனுபவசாலி ஒரு சிறிய சுத்தியலோடு வந்து சட்டத்தை நீளத்துக்குத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது. பொத்தென்றால் அடுத்த தோட்டத்துக்குப் போகலாம்.

ஆனால் வண்டியின் வரலாற்றை அறிய நான் முதலில் பார்ப்பது இலக்கத் தகட்டைத்தான். இந்நாட்டின் அரசியல் சரித்திரமே அந்தத் தகட்டில் இருக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் சீ.எல்., சீ.என்., இ.வை. என்றவாறு ஆங்கில எழுத்துகள். 1957-இல் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழரசுக் கட்சியினர் எதிர்த்தனர். வடக்கிலும் கிழக்கிலும் சிங்கள ஸ்ரீயை அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958-இல் இந்தத் தார்வாளி மலைநாட்டுக்கும் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் தோட்டத் தொழிலாளர் இருவர் மாண்டனர். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத மக்கள் மோட்டார் வாகன எழுத்தின் பெயரால் எழுந்த கலவரத்தில் உயிர் கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் ஸ்ரீ மறைந்து இலக்கம் மட்டுமாயிற்று. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆங்கில எழுத்தே திரும்பி வந்தது. இன்றைக்குப் பழைய ஸ்ரீத் தகடு ஒரு வண்டிக்கு அழகு என்று சேகரிப்பாளர் பெருமைப்படுகிறார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பட்டாளத்தில் இருக்கும்வரை வண்டிக்கு இராணுவ இலக்கம்தான். ஆகவே 1943-இல் செய்த ஜீப்புக்கு 1950-களின் இலக்கம் இருந்தால் ஆச்சரியப்படத் தேவையில்லை. தகடு அதன் பிறப்பைச் சொல்வதில்லை. பட்டாளத்தை விட்டு வெளியேறியதைச் சொல்கிறது.

1960-களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1970 முதல் 1977 வரை புதிய வாகனம் என்பது கனவு. உதிரிப்பாகமும் அப்படியே. அந்தப் பஞ்சகாலம்தான் பழைய ஜீப்புகளைக் காப்பாற்றியது என்பது என் துணிபு. புதியது கிடைத்திருந்தால் பழையதை என்றோ உருக்கியிருப்பார்கள். தேயிலை ஸ்டோரில் கடைசல் இயந்திரம் உண்டு, கொல்லுலை உண்டு, உருளைகளைத் திருத்திக் கைதேர்ந்த பிட்டர்மார் உண்டு. இவர்கள் லொறியின் உடைந்த வில்லுத்தகட்டிலிருந்து ஜீப்பின் வில்லுத்தகட்டை வெட்டினார்கள். தேய்ந்த புஷ்களைப் பித்தளையில் கடைந்தார்கள். பெற்றோல் எஞ்சின் உயிர்விட்டபோது ஏதாவதொரு டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாகங்களை வாங்கிவர ரயிலேறிப் போய் வந்தவர்களின் திறமை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்றைய சேகரிப்பாளர் இந்த வேலைகளையெல்லாம் 'கெடுத்துவைத்திருக்கிறார்கள்' என்று பிடுங்கி எறிந்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து மூலப்பாகங்களை வரவழைக்கிறார். அவர் காசு, அவர் வண்டி. தடுப்பதற்கு நாம் யார்? ஆயினும் ஸ்டோர் பிட்டர் கடைந்த பித்தளை புஷ்ஷும் அந்த வண்டியின் சரித்திரம்தான் என்பதை ஏற்க மறுப்பது சரியான இரசனையென்று எனக்குத் தோன்றவில்லை. அதைவிட மோசமானது, ஒருநாளும் யுத்தத்தைக் காணாத, தேயிலைக்கு உரம் சுமந்த வண்டியின் முன்மூடியில் நேசப்படைகளின் வெள்ளை நட்சத்திரத்தைத் தீட்டுவது.

நட்சத்திரம் தீட்டுபவர்களுக்கு இன்னொரு ஞாபகம் இருப்பதில்லை. 1971 ஏப்ரல் 5-ஆம் திகதி அதிகாலையில் கிளர்ச்சியாளர்கள் முதலில் தாக்கியது ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையத்தைத்தான். அதன்பின் இரவில் ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தும் பழக்கம் ஊவாவின் சிங்களக் கிராமங்களுக்கும் வந்தது. 1983 ஜூலை 23-ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கண்ணிவெடியில் சிக்கியது ஓர் இராணுவ ஜீப்பும் அதன் பின்னால் வந்த ட்ரக்கும். பதின்மூன்று படையினர் இறந்தனர். அதைத் தொடர்ந்த நாட்களில் நாடு எரிந்தது. பதுளை நகரமும் எரிந்தது. நிலக்கண்ணிக்கு முன் திறந்த ஜீப் எந்த மூலைக்கு? 1980-களின் நடுப்பகுதியில் கவச வாகனங்கள் வந்தன. பழைய ஜீப்புகளும் லாண்ட் ரோவர்களும் முன்னணியிலிருந்து பின்வாங்கின.

தோட்டத்து வண்டிகளின் கைமாற்றம் வேறு வழியில் நடந்தது. 1972-இலும் 1975-இலும் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் கப்பலேறினர். ஜீப் ஜனவசமவினதும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினதும் பொருட்பட்டியலில் ஓர் இலக்கமாயிற்று. 1992-இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளுக்குக் கைமாறியது. மடுல்சீமையின் பெயரிலேயே ஒரு கம்பனி அமைந்தது. புதிய கம்பனிக்காரர்களுக்குப் புதிய கெப் வண்டிகள் வந்தன. மூலையில் கிடந்தவை கேள்விப்பத்திரத்துக்குப் போயின. இன்று சேகரிப்பாளர் கையிலுள்ள தோட்டத்து வண்டிகளில் பல இந்த வழியாக வெளியேறியவையே.

டிரைவர்? அவரும் கைமாறினார் என்றுதான் சொல்ல வேண்டும். 1964 ஒக்டோபர் 30-ஆம் திகதி கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டார்கள். ஜீப்பை எந்த வளைவில் எந்தக் கியரில் இறக்க வேண்டும் என்று அறிந்திருந்த டிரைவர்களும், புஷ் கடைந்த பிட்டர்மாரும் தலைமன்னாரில் கப்பலேறியவர்களோடு போனார்கள். நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள் அங்கே கண்ட முதல் பழகிய முகம் ஒரு ஜீப்பாக இருந்திருக்கலாம். அது மஹிந்திரா ஜீப். வில்லிஸின் பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் 1940-களின் கடைசியில் பூட்டத் தொடங்கிய கம்பனி அது. முகம் அதே முகம், ஏழு பிளவு. எஞ்சின் சத்தமும் அதே சத்தம். பிரஜாவுரிமை மாறினாலும் கிளச்சு அதே இடத்தில்தான் இருந்தது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு மனதில் வருகிறது. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்ஜாங் என்றொரு சிற்றூர் உண்டு. தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுச்சென்ற 1950-களின் லாண்ட் ரோவர்களை அவ்வூர் டிரைவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சந்தக்ஃபூ சிகரத்துக்கு ஏறும் கல்லும் பாறையுமான பாதையில் பல தசாப்தங்களாக அவற்றில்தான் பயணிகளும் அரிசி மூட்டைகளும் சென்றன. தங்களுக்கென்று சங்கம்கூட அமைத்துக்கொண்டார்கள். அங்கே பழைய வண்டி சேகரிப்புப் பொருளாகவில்லை, சோறு போட்டது. அதே தேயிலை, அதே துரைமார், அதே வண்டி. மடுல்சீமையில் மட்டும் அது டிரைவரின் கைக்கு வராமல் கொழும்புக் கராஜுக்குப் போனதேன்? டார்ஜிலிங்கில் டிரைவருக்கு நிலத்தில் கால் இருந்தது. இங்கே ஒரு தலைமுறையே அடுத்த கப்பல் எப்போது என்று பெட்டியைக் கட்டிவைத்துக் காத்திருந்தது. வண்டி வாங்குபவன் அப்படிக் காத்திருக்கமாட்டான்.

இப்போது விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்து நான்கு சக்கர இழுவை வண்டிகள் அணிவகுத்து மடுல்சீமைக்கு வருகின்றன. பிட்டமாறுவைக்கு அப்பால் மலை திடீரென்று அறுந்துவிழும் இடத்துக்குச் 'சின்ன உலக முடிவு' என்று பெயர். அதிகாலை மேகத்தைப் பார்க்கக் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்து வருட இடைவெளியில் பழைய வண்டிகளின் மவுசு மேலும் ஏறியது. பஞ்சம் இரண்டாம் முறையாகவும் ஜீப்பைக் காப்பாற்றியிருக்கிறது.

வாங்க வருகிறவர்கள் பதிவுப் புத்தகத்தைக் கேட்பார்கள். அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் சட்டச் சிக்கல், அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் தோட்டத்து வண்டிகளுக்கு இன்னொரு புத்தகமும் இருந்தது. 'ரன்னிங் சார்ட்' என்பார்கள். ஒவ்வொரு நாளும் வண்டி எங்கே போனது, எத்தனை மைல், எத்தனை கலன் பெற்றோல், யாரை ஏற்றியது என்று எழுதி டிரைவர் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவரானால் கணக்கப்பிள்ளை எழுதுவார், டிரைவர் பெருவிரல் பதிப்பார். வண்டி கைமாறும்போது விற்பவர் அந்தக் கட்டை முன்னிருக்கைக்கு அடியிலிருந்து எடுத்து வீசிவிடுகிறார், வாங்குபவரும் கேட்பதில்லை. ஸ்டோர் விறகடுப்பில் ஒரு மழைக்காலக் காலையில் பற்றவைக்க அது நன்றாக உதவும்.